டீச்சர், வயிறு வலிக்குது

ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ நடத்திய யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். காலை பத்தரை மணி இருக்கும். பின்வரிசையிலிருந்து ஓர் உருவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வரும். அடுத்து நடப்பது எல்லாப் பள்ளிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "தண்ணி குடிச்சிட்டு வந்து படு" என்பார் டீச்சர். பிள்ளை ஓரமாகப் பாயில் சுருண்டு படுக்கும். இடைவேளை மணி அடித்ததும் எழுந்து ஓடிவிட்டால், "பாத்தீங்களா, எல்லாம் நடிப்பு" என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒரு சிரிப்பு.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் அப்படிச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, ஈராசிரியர் பள்ளி. மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று அவர் மேசைக்குப் பக்கத்தில் தொங்கும். யாராவது வயிறு வலிக்கிறது என்றால் அந்தத் தேதிக் கட்டத்தில் பிள்ளையின் முதலெழுத்தையும் மணியையும் பென்சிலால் குறித்துவைப்பார். 'மு 10.20', 'க 2.45' என்று இருக்கும். முதலில் பார்த்தபோது பால் கணக்கு என்றுதான் நினைத்தேன். ஆறேழு மாதம் எழுதியபின் அவர் சொன்னது: "உடம்புல எது சரியில்லைன்னாலும், மனசுல எது சரியில்லைன்னாலும் அதுங்களுக்கு வயிறுங்கிற ஒரே வார்த்தைதான் சார் இருக்கு. பிரிச்சுப் பாக்குறது நம்ம வேலை."

மாணவர் நலன் என்று சொன்னதும் நம் ஊரில் யோகா, நீதிபோதனை வகுப்பு, ஆலோசகர் வந்து பேசும் ஒருநாள் முகாம் என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தன் நலனைப் பற்றி நம்மிடம் பேசும் மொழி இந்த வயிற்று வலிதான். அதைக் கேட்கத் தெரிந்த பள்ளியில் பாதி வேலை முடிந்துவிடும்.

மருத்துவத்திலும் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1958-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஏப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்டார். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்று வலி வந்தது. மூன்று மாதத்தில் மூன்று தடவையாவது, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வரவேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். அப்படி வலித்தவர்களில் மிகச் சிலரிடம்தான் உடல்நோய் என்று கைவைத்துக் காட்ட ஒன்று கிடைத்தது. தொப்புளிலிருந்து வலி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்ற அவருடைய சூத்திரத்தைக் குழந்தை மருத்துவர்கள் இன்றும் சொல்வார்கள். "எங்க வலிக்குது?" என்றால் நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தொப்புளைத்தான் தொடுவார்கள். (காய்ச்சல், வாந்தி, வலப்பக்கம் அடிவயிற்றில் நிற்கமுடியாத வலி என்றால் ஆராய்ச்சியே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.)

பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வருகிற வலிக்கு முதல் காரணம் பசி. கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் அம்மாக்கள் ஏழு, ஏழரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பழைய சோறு இருந்தால் பிள்ளை சாப்பிடும், இல்லையென்றால் ஒரு டீயும் ரெண்டு பன்னும். அந்த டீயின் சூடு பத்து மணிவரை தாங்கும். அப்புறம் மதிய மணிவரை பாடம் காதில் விழாது.

தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்டது ஒரே நாளில் இல்லை, ஒரே பாய்ச்சலிலும் இல்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகாமல் உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1956-இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது, 2010-இல் அது வாரத்துக்கு ஐந்தானது. இவ்வளவும் மதியத்துக்குத்தான். காலை என்ற ஓட்டை நூறு வருடம் அப்படியே இருந்தது.

சென்னை அசோக் நகரில் ஒரு பள்ளிக்குப் போனபோது பிள்ளைகளிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதாகவும், காலையில் சாப்பிடவில்லை என்று பதில் வந்ததாகவும், காலை உணவுத் திட்டம் அதிலிருந்து பிறந்ததாகவும் மு.க. ஸ்டாலின் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் அது தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி முப்பத்தோராயிரம் அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும், பிறகு 2024-இலும் 2025-இலும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய். சமைத்து முடித்தால் 150-லிருந்து 200 கிராம் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ தட்டில் விழும்.

கிராம் கணக்கு காகிதத்தில் சரிதான். தட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கே அந்தப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வராந்தாவில் இரண்டு வரிசை. எவர்சில்வர் தட்டைத் தரையில் உருட்டிவிளையாடுகிற சத்தம். சமைக்கிற அக்கா மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர், அவர் மகள் அங்கேயே நான்காம் வகுப்பு. கரண்டியில் எடுக்கும்போதே "உனக்குக் கறிவேப்பிலை ஆகாதே" என்று ஒதுக்கித் தள்ளிப் போடுகிறார். ஒரு சின்னப் பையன் முதல் தடவை வாங்கியதை யாரும் பார்க்காத வேகத்தில் முடித்துவிட்டுத் தட்டை நீட்டினான். "திங்கக்கிழமை மட்டும் அண்டா சீக்கிரம் காலியாயிரும்" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். சனி, ஞாயிறு வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிக்கை எனக்குக் கிடைத்ததில்லை. டீச்சரின் காலண்டரிலும், காலை உணவு வந்தபிறகு பத்து மணிக் குறிப்புகள் மெலிந்துபோய்விட்டன. நின்றுபோகவில்லை, மெலிந்தன.

சாப்பாடு என்றால் யார் சமைத்தது என்ற கேள்வியும் நம் ஊரில் கூடவே வந்துவிடும். 2023-இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியலினப் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அந்த உணவை வாங்கிச் சாப்பிட்டார். அது செய்தியானது. ஆனால் "நீ சாப்பிடாதே" என்று வீட்டில் சொல்லியனுப்பப்பட்ட பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எதிரில் நண்பன் சாப்பிடுகிறான், பொங்கல் வாசனை வருகிறது, காரணம் புரியவில்லை. அதற்கும் வயிறுதான் வலிக்கும்.

பசிக்கு அடுத்தது, நாம் கூச்சப்பட்டுப் பேசாத விஷயம். அந்தக் காலண்டரில் 'க' என்ற சிறுமிக்கு எப்போதும் மதியத்துக்கு மேல்தான் வலித்தது. காலையில் உப்புமா சாப்பிட்டவள், மதியம் முட்டையோடு சாப்பிட்டவள். டீச்சர் இரண்டு வாரம் கவனித்தார். அவள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிரம்பியபடியே திரும்பிப் போகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "குடிச்சா ஒன்னுக்கு வரும்." வந்தால் என்ன? பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. பையன்கள் கதவைத் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்குத் துணைக்குப் போகும் தோழி அந்த வாரம் அம்மை போட்டு வீட்டில்.

இப்படி அடக்கிவைத்தால் என்னவாகும் என்பது தெரிந்த கதைதான். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீரை அடக்கினால் தொற்று. பிள்ளைகளின் வயிற்று வலிக்கு மிகச் சாதாரணமான உடல் காரணம் மலச்சிக்கல்தான். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறை கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று கணக்கெடுப்பில் 'கழிப்பறை உண்டா?' என்ற கட்டத்தில் அநேகமாக எல்லாப் பள்ளியும் 'ஆம்' போடும். அந்தப் படிவத்தில் தாழ்ப்பாள் உண்டா, வாளியும் மக்கும் உள்ளே இருக்கிறதா, குழாய் ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுமா, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று நான்கு கட்டங்கள் சேர்த்துப் பார்க்கலாம். யார் கழுவுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் அது பிள்ளைகள் தலையில் விழுகிறது, அதிலும் எந்தச் சாதிப் பிள்ளைகள் தலையில் என்பதும் தெரிந்ததே. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலின மாணவர்களைக் கழிப்பறை கழுவவைத்த புகாரில் ஒரு தலைமையாசிரியை கைதானார்.

தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கம் 2019-இல் கேரளப் பள்ளிகளில் பரவியது. 2025-இல் தமிழ்நாட்டிலும் 'வாட்டர் பெல்' உத்தரவு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் குடிக்க அடிக்கும் மணி எல்லாம், போக இடம் இருந்தால்தான் பலிக்கும். "டீச்சர் ஒன் பாத்ரூம்" என்று சுண்டுவிரலைத் தூக்கும் பிள்ளையிடம் "இப்பதானே இடைவேளை விட்டேன், உட்காரு" என்று சொல்லாத ஆசிரியர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து, கேட்காமலே எழுந்து போகலாம் என்று விதி வைத்திருக்கும் வகுப்பை ஒரே ஒரு இடத்தில் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். கட்டையை எடுத்துக்கொண்டு போ, வந்ததும் மாட்டிவிடு, அவ்வளவுதான். கட்டை ஒன்றுதான் என்பதால் கூட்டமாகவும் போகமுடியாது.

"பூச்சி இருக்கும்" என்பது பாட்டிகளின் முடிவு. அதுவும் பொய்யில்லை. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று ஆண்டுக்கு இரண்டு தடவை அல்பெண்டசோல் மாத்திரை பள்ளியிலேயே கொடுக்கிறார்கள். ஐந்திலிருந்து பத்து வயதுக்காரர்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, ரோஸ் நிறத்தில். வெறும் வயிற்றில் கொடுத்தால் அந்த மாத்திரையே குமட்டலையும் வலியையும் தரும் என்பதால் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுப்பது முக்கியம். 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் சுவஸ்த்ய காரியகிரம் என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும். கண், பல், இதயம் பார்ப்பார்கள். இது ஓரளவு ஒழுங்காக நடக்கிற பகுதி. மேலே போகலாம்.

மிச்சமிருப்பது பயம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது வியாழக்கிழமை வாய்ப்பாடு நாள். வாத்தியார் கையில் புளியம் விளார். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு எனக்கு வரவே வராது. வியாழன் விடிந்ததும் வயிறு பிடித்து இழுக்கும். அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பார், பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார், எதற்கும் இருக்கட்டும் என்று மிளகாய் சுற்றிப் போடுவார். எதற்கும் கேட்காது. ஒன்பதரை மணிக்கு அப்பா "சரி, இன்னிக்குப் போகவேண்டாம்" என்று சொன்ன நிமிடம் வலி போன இடம் தெரியாது. வீட்டில் எல்லோரும் நடிப்பு என்றார்கள். வலி நிஜமாகவே இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். பயந்தால் குடல் இறுகுவதும் புரள்வதும் உடம்பின் இயல்பு. பெரியவர்களுக்கு நேர்முகத் தேர்வுக்கு முன்னால் நடப்பதுதான், பிள்ளைக்கு வாரா வாரம் நடக்கிறது.

அடிப்பது இப்போது சட்டப்படி குற்றம். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதியை 2003-இலேயே திருத்தினார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத் தடைசெய்தது. அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பாடத்திட்டம் பிள்ளையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் இவ்வளவு நல்ல வரி அபூர்வம். நடைமுறையில் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போகும் ஊர் இது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. அதன் இடத்தில் வந்த சொற்கள் இருக்கின்றன: "உங்க அக்கா எப்படிப் படிச்சா, நீ ஏன் இப்படி", "இது தேறாது சார்", அப்புறம் அப்பன் தொழிலை வைத்து ஒரு பேர். விளார் பட்ட தழும்பு ஒரு வாரத்தில் மறையும். ஆறு வயதில் ஒட்டிய பேரைக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும் கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயத்தைக் குறைக்க வகுப்பறையின் அமைப்பையே மாற்றிப் பார்த்த ஒரு முயற்சி நம்மிடம் நடந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முனைப்பில், ரிஷி வேலி பள்ளியின் அனுபவத்தை ஒட்டி 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிலும் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். பாட அட்டையை எடுத்து, படிப்படியாக அடுக்கிய பாட ஏணியில் தன் வேகத்தில் ஏறவேண்டும். அதில் குறைகள் சொன்னவர்கள் உண்டு. அட்டை அடுக்குவதிலேயே நேரம் போகிறது என்பார்கள், வாசிப்பு வரவில்லை என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பது அந்த அறையில் ஏறக்குறைய நின்றுபோனது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. யார் அரும்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

பயம் பள்ளிக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. குடித்துவிட்டு வரும் அப்பா, பேருந்தில் வரும் அண்ணன்மார், பக்கத்து வீட்டு மாமா. இதில் கடைசியாகச் சொன்னது மிகக் கடினமானது. தொடக்கூடாத இடத்தில் ஒருவர் தொட்டதைச் சொல்ல ஆறு வயதுப் பிள்ளையிடம் சொற்கள் இருக்காது. வயிறு வலிக்கிறது, அங்கே போகமாட்டேன் என்று மட்டும் சொல்லலாம். பாடநூல்களில் 1098, 14417 என்ற உதவி எண்களை அச்சிட்டது, பள்ளிகளில் புகாரை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்தது எல்லாம் சரி. எழுதத் தெரியாத பிள்ளைக்குப் பெட்டி எதற்கு? அதற்கு ஒரு மனிதக் காது வேண்டும். கேட்டவர் மறைக்கவும் கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான 2012-இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். "பள்ளிக்குக் கெட்ட பேர் வந்துடும்" என்று தலைமையாசிரியர் அறையில் மூடிப் பேசுவதும் அதில் அடங்கும்.

சரி, இந்தக் காது யாருடையது? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். முப்பதுக்கு ஒருவர், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றையும் மற்றவர் நான்கு, ஐந்தையும் எடுக்கவேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போனால் ஐந்தும் ஒருவர் தலையில். அதற்கு நடுவில் செயலியில் வருகைப்பதிவு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்துக்கு விவரம், முட்டைக் கணக்கு. இந்த நிலையில் இருப்பவரிடம் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது "தண்ணி குடிச்சிட்டுப் படு" என்பதுதான் வாயில் வரும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் நலனைப் பற்றிய சுற்றறிக்கைகளில் ஆசிரியரின் நேரத்தைப் பற்றி ஒரு வரியாவது இருந்தால் நன்றாக இருக்கும்.

தாழ்ப்பாளுக்கு வருகிறேன். டீச்சர் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தார். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் இது கையெழுத்து வாங்கும் சடங்கு. இங்கே அம்மாக்கள் கழிப்பறை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். நிதி வரும், தீர்மானம் போட்டு அனுப்பலாம் என்று ஒருவர் ஆரம்பிக்க, தச்சு வேலை செய்பவரின் மனைவி, "இதுக்கு எதுக்குத் தீர்மானம், நாளைக்கு அவர வரச்சொல்றேன்" என்று முடித்துவிட்டார். மறுநாள் தாழ்ப்பாள் வந்தது, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்.

காலண்டரில் 'க' அதற்கப்புறம் ஒரு தடவைதான் வருகிறது, அது நிஜமாகவே மாங்காய் தின்றதால். போன மாதம் பார்த்தபோது புதிதாக 'வி' என்று ஓர் எழுத்து. எல்லாம் புதன்கிழமை, எல்லாம் மூன்று மணிக்கு மேல். பள்ளி விட வேண்டிய நேரத்தில் ஏன் வலிக்கிறது, புதன்கிழமை மட்டும் வீட்டில் யார் வருகிறார்கள் என்று டீச்சருக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போதெல்லாம் புதன் மாலை அந்தப் பையனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறாராம்.